விமானியின் சம்பளம்: கைக்கு வருவதும் கையில் நிற்பதும்

“உங்க வீட்டுக்காரர் துபாயில பைலட்டாமே, மாசம் எவ்வளவு வரும்?” கல்யாண மண்டபத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர் முதல், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சந்திப்பவர் வரை, இதைக் கேட்காதவர்கள் குறைவு. கேட்பதில் தவறொன்றும் இல்லை. நம்மில் பலருக்குத் தோட்டத்தை விட்டு வெளியேறி இரண்டு தலைமுறைதான் ஆகிறது. நம் பிள்ளை ஒருவர் பெரிய விமானம் ஓட்டுகிறார் என்றால் பெருமை வரும், கூடவே சம்பளம் எவ்வளவு என்ற ஆவலும் வரும்.

நான் ஒரு தொகையைச் சொன்னால் கேட்டவர் அதை உடனே மனதுக்குள் ரிங்கிட்டுக்கு மாற்றிப் பார்ப்பார். “அங்க வருமான வரியும் கிடையாதாமே” என்பார். அதற்குப் பிறகு எங்களுக்கு எந்தக் கவலையும் இருக்க முடியாது என்று அவரே முடிவு செய்துவிடுவார். மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்திக்கு அழைப்பதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய கணக்கு அல்ல இது. அதனால்தான் எழுதுகிறேன். திருமணத்துக்கு முன்பு கிள்ளானில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்தேன். அந்தப் பழக்கத்தில் 2013 முதல் இன்றுவரை வீட்டுக் கணக்கை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறேன். இதில் வரும் எங்கள் வீட்டுத் தொகைகள் அந்த நோட்டில் உள்ளவை.

கடனோடு தொடங்கிய வேலை

என் கணவர் 2004இல் மலாக்காவில் விமானிப் பயிற்சியில் சேர்ந்தார். அப்போது எல்லாச் செலவும் சேர்த்து ஏறக்குறைய 180,000 ரிங்கிட் ஆனது. மாமா போர்ட் கிள்ளானில் லாரி ஓட்டுநர். இருந்த ஒரு தாமான் வீட்டை வங்கியில் வைத்தார். அத்தையின் நகை போனது. மீதிக்கு உறவினர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். இன்று அந்தப் படிப்புக்கு அதைவிட அதிகம் ஆகும். பயிற்சி முடிந்தாலும் வேலை நிச்சயமில்லை. உரிமம் கையில் வைத்துக்கொண்டு ஒன்றிரண்டு ஆண்டு காத்திருந்தவர்கள் அவருடைய வகுப்பிலேயே உண்டு.

உள்நாட்டில் துணை விமானியாக வேலை கிடைத்தது. நல்ல வேலைதான். ஆனால் சம்பளத்தில் கடன் தவணை, இரண்டு வீட்டுச் செலவு என்று போய்விடும். 2013இல் ஒரு வளைகுடா விமான நிறுவனத்திலிருந்து வாய்ப்பு வந்தபோது மகனுக்கு இரண்டு வயது. வரியில்லாத சம்பளம், வீட்டு வாடகைக்குப் படி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஒரு வரம்பு வரை உதவி, மருத்துவக் காப்புறுதி, ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்கு வர டிக்கெட். இவ்வளவும் ஒரே ஒப்பந்தத்தில் இருந்தன. போனோம்.

திர்ஹாம் அமெரிக்க டாலரோடு பிணைக்கப்பட்ட நாணயம். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம், அது மாறுவதில்லை. மாறுவது நம் ரிங்கிட். நாங்கள் போன ஆண்டு ஒரு திர்ஹாம் 85 சென் அளவில் இருந்தது. 2024 தொடக்கத்தில் அதுவே 1 ரிங்கிட் 30 சென் ஆனது. அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் 1 ரிங்கிட் 12 சென்னுக்கு இறங்கியது. ஊரில் இருப்பவர்கள் இதைப் பார்த்து “சம்பளம் ஏறிடுச்சு” என்பார்கள். துபாயில் அரிசியும் வாடகையும் திர்ஹாமில்தான். ரிங்கிட் விழுந்தால் எங்களுக்கு லாபம் ஊருக்கு அனுப்பும் பணத்தில் மட்டும்தான்.

46,000 திர்ஹாம் எங்கே போனது?

விமானியின் சம்பளம் ஒரே தொகை அல்ல. முதலில் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேல் பறக்கும் மணி நேரத்துக்கான பணம். பிறகு வீட்டுப் படி. வெளியூரில் தங்கும்போது சாப்பாட்டுக்கு என்று ஒரு சிறு தொகை. இதில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றே பலர் பெட்டியில் மேகியும் ஊறுகாயும் கொண்டு போவார்கள். என் கணவரும் அப்படித்தான்.

கூடுதலாக உழைத்துக் கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்றால் அதற்கும் எல்லை உண்டு. களைப்பால் விபத்து நேரக்கூடாது என்பதற்காக, ஒரு விமானி ஆண்டுக்கு 900 அல்லது 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடாது என்று பெரும்பாலான நாடுகளில் சட்டம் இருக்கிறது. ஓவர்டைம் செய்து ஒரு செலவை ஈடுகட்டும் வேலை அல்ல இது.

கோவிட்டுக்கு முந்திய 2019இல் ஒரு மாதத்தை எடுத்துக்கொள்கிறேன். அடிப்படை 28,000, பறந்த நேரத்துக்கு 6,000, வீட்டுப் படி 12,000. மொத்தம் 46,000 திர்ஹாம். அன்றைய மாற்று விலையில் 50,000 ரிங்கிட்டுக்கு மேல். கேட்பவர் வாயைப் பிளப்பது நியாயம்தான்.

இனி செலவுப் பக்கம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மிர்திஃபில் ஒரு வீடு, ஆண்டு வாடகை 130,000 திர்ஹாம். துபாயில் மாதாமாதம் வாடகை கட்டும் வழக்கம் அப்போது அரிது. முன்தேதியிட்ட காசோலைகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மாதக் கணக்கில் 10,850. வருமான வரி இல்லாத ஊரில், வீட்டு வாடகையில் 5 விழுக்காடு நகராட்சிக் கட்டணமாகத் தண்ணீர், மின்சார பில்லோடு சேர்ந்து வரும். மூன்றும் சேர்த்து 1,700. கார் தவணை, பெட்ரோல், சாலிக் சாலைக் கட்டணம், காப்புறுதி 2,900. பள்ளியில் நிறுவனம் தந்தது போக நாங்கள் கட்டிய மீதி, பேருந்து, புத்தகம், சீருடை 2,000. சாப்பாடு, வீட்டுச் சாமான் 4,500. தொலைபேசி, இணையம் 800. துபாய்ச் செலவு மட்டும் 22,750.

அடுத்து ஊர்ச் செலவு. மாமா அத்தை வீட்டுக்கு மாதம் 2,000 திர்ஹாம். பயிற்சிக் கடன் 2,400. கிள்ளானில் நாங்கள் வாங்கிய வீட்டின் தவணை 2,600. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருப்பணி, தம்பி தங்கைகளின் அவசரம் என்று ஆண்டு முழுவதும் போவதைப் பன்னிரண்டால் வகுத்தால் 1,500. ஆக 8,500. இரண்டும் சேர்ந்து 31,250.

மீதி 14,750 திர்ஹாம். மண்டபத்தில் கேட்பவர் இத்தோடு நின்றுவிடுவார், “மாசம் பதினஞ்சாயிரம் மிச்சமா?” என்று. ஆனால் மலேசியாவில் வேலை செய்யும் ஒருவருக்கு, சம்பளம் கைக்கு வருமுன்பே சில காரியங்கள் தாமாக நடந்துவிடுகின்றன. ஊழியர் சேமநிதி பிடிக்கப்படுகிறது, முதலாளியும் தன் பங்கைப் போடுகிறார். வேலை போனாலும் பிள்ளை அரசாங்கப் பள்ளியில் படிக்கலாம். நோய் வந்தால் அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. நாட்டை விட்டுப் போகச் சொல்லி யாரும் தேதி குறிக்க மாட்டார்கள். வெளிநாட்டு ஒப்பந்தத்தில் இருப்பவர் இவை ஒவ்வொன்றையும் தன் பணத்தில் வாங்க வேண்டும்.

நான் அப்படித்தான் வாங்கினேன். சேமநிதிக்கு ஈடாக மாதம் 6,500 தனியே. உரிமம் இழந்தால் ஈடு தரும் காப்புறுதிக்கும் ஆயுள் காப்புறுதிக்கும் 1,200. அவசர நிதிக்கு 2,000. பிள்ளைகளின் மேற்படிப்புக்கு 4,000. இவை போக, கேள்வி கேட்காமல் செலவு செய்யக்கூடிய பணம் என்று மாதக் கடைசியில் நின்றது 1,050 திர்ஹாம்.

நாங்கள் கஷ்டப்பட்டோம் என்று சொல்ல வரவில்லை. குளிர்சாதன வீடு, நல்ல பள்ளி, கார், எல்லாம் இருந்தன. பயிற்சிக் கடன் 2021இல் முடிந்தது, மாமா வங்கியில் வைத்த வீட்டின் பத்திரம் திரும்பி வந்தது. உள்நாட்டுச் சம்பளத்தில் அதற்கு இன்னும் பல ஆண்டு ஆகியிருக்கும். நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். அந்த 46,000இல் ஒரு பகுதி சம்பளமே அல்ல. நாளைக்கு நடக்கக்கூடியவற்றுக்கு இன்றே கொடுத்து வைத்த முன்பணம். அதை எடுத்துச் செலவு செய்துவிட்டால் பிறகு கேட்க யாரும் இல்லை.

சேமநிதியும் பணிக்கொடையும்

ஐக்கிய அரபு அமீரகத்தில் வெளிநாட்டு ஊழியருக்கு ஓய்வூதியம் கிடையாது. வேலையை விட்டு வரும்போது பணிக்கொடை என்று ஒரு தொகை தருவார்கள். சட்டப்படி முதல் 5 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் சம்பளம். அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் சம்பளம். மொத்தம் இரண்டு ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. முக்கியமான இடம் இதுதான்: கணக்கு அடிப்படைச் சம்பளத்தில் மட்டும். வீட்டுப் படியும் பறந்த நேரத்துப் பணமும் அதில் சேராது.

அடிப்படை 30,000 திர்ஹாம், 12 ஆண்டு வேலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 1,000. முதல் 5 ஆண்டுக்கு 105 நாள், அடுத்த 7 ஆண்டுக்கு 210 நாள். மொத்தம் 315,000 திர்ஹாம். திர்ஹாமுக்கு 1 ரிங்கிட் 12 சென் என்றால் ஏறக்குறைய 353,000 ரிங்கிட்.

இப்போது ஊரில் மாதம் 20,000 ரிங்கிட் சம்பளம் வாங்கும் ஒருவரைப் பாருங்கள். முதலாளியின் பங்கு 12 விழுக்காடு, மாதம் 2,400. பன்னிரண்டு ஆண்டில் அது மட்டுமே 345,600 ரிங்கிட். ஊழியரின் 11 விழுக்காட்டையும் சேர்த்தால் 662,400. இது லாப ஈவைச் சேர்க்காத கணக்கு. 2024க்கு சேமநிதி வாரியம் 6.3 விழுக்காடு ஈவு கொடுத்தது. வளைகுடாவில் பெரிதாகத் தெரிகிற பணிக்கொடை, இங்கே பாதிச் சம்பளம் வாங்குபவரின் முதலாளி போடும் பங்குக்குத்தான் ஈடாகிறது.

அதற்காக அங்கே போகக்கூடாது என்றல்ல. வெளிநாட்டில் வேலை செய்யும் மலேசியர் தன் சேமநிதிக் கணக்கில் தானாகவே பணம் போடலாம். ஆண்டுக்கு 60,000 ரிங்கிட்டாக இருந்த வரம்பு 2023இல் 100,000ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் அங்கே யாரும் சம்பளத்தில் பிடித்துக்கொடுக்க மாட்டார்கள். மாதம் பிறந்ததும் நாமே அனுப்ப வேண்டும். புதுக் கார் காட்சியறையைக் கடந்து போய் அனுப்ப வேண்டும்.

2020

அந்த ஆண்டு மார்ச்சில் விமானங்கள் தரையில் நின்றன. எங்கள் வீட்டில் பறந்த நேரத்துப் பணம் நின்றது. அடிப்படைச் சம்பளம் மூன்று மாதத்துக்குப் பாதி என்று கடிதம் வந்தது. 14,000 அடிப்படை, 12,000 வீட்டுப் படி, மொத்தம் 26,000. கட்டாயச் செலவு 31,250. மாதம் 5,250 பற்றாக்குறை. காசோலைகள் வீட்டுக்காரரிடம் இருந்தன. அவசர நிதியிலிருந்து எடுத்தோம்.

பணத்தைவிடப் பெரிய பயம் விசா. அங்கே குடியிருக்கும் அனுமதி வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் கணவருடைய விசா போகும், அதை நம்பி இருக்கும் என்னுடையதும் பிள்ளைகளுடையதும் போகும். அப்போது சில வாரங்கள்தான் அவகாசம். அதற்குள் காரை விற்று, வாடகையை முடித்து, பள்ளியில் சான்றிதழ் வாங்கி, வங்கிக் கடன் இருந்தால் அடைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கடைசிச் சம்பளம் வங்கிக்கு வந்ததும், கடன் பாக்கி உள்ளவரின் கணக்கை வங்கி நிறுத்தி வைப்பது அங்கே சாதாரணம். எங்கள் குடியிருப்பில் மட்டும் ஐந்து குடும்பம் அந்த ஆண்டு போனது. சாமான்களை வாசலில் வைத்து விற்றார்கள். ஒரு பையனின் மிதிவண்டியை என் மகன் கேட்டான். வாங்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கும் அதே கதைதான். சீனாவில் ஒப்பந்தத்தில் இருந்த வெளிநாட்டு விமானிகள் பலர் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். ஹாங்காங்கின் கேத்தே டிராகன் அந்த அக்டோபரில் மூடப்பட்டது. சுபாங் ஜெயாவில் வேலையிழந்த விமானி ஒருவர் சீருடையோடு சாப்பாட்டுக் கடை நடத்திய படம் உலகமெங்கும் செய்தியானது. அந்தப் படத்தைப் பார்த்து ஊரில் பலர் பரிதாபப்பட்டார்கள். எனக்கு மரியாதைதான் வந்தது. அவர் தன் ஊரில் இருந்தார், அடுப்பு மூட்ட ஓர் இடம் இருந்தது.

என் கணவரின் வேலை தப்பியது. எப்படித் தப்பியது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. போனவர்கள் அவரைவிடத் திறமை குறைந்தவர்கள் என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை.

மருத்துவரின் கையெழுத்து

ஆண்டுக்கு ஒரு முறை முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிமுலேட்டரில் சோதனை. இரண்டில் ஒன்று தவறினாலும் பறக்க முடியாது. அனைத்துலக விதிப்படி 65 வயது வரை பெரிய பயணி விமானம் ஓட்டலாம் என்று காகிதத்தில் இருக்கிறது. அதை நம்பி 65 வரை வருமானம் வரும் என்று வீட்டுக் கடன் வாங்கினால், இடையில் இதயமோ கண்ணோ சர்க்கரையோ குறுக்கே வரலாம்.

நம் இனத்தில் நீரிழிவு எவ்வளவு வீட்டில் இருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாமாவுக்கு இருந்தது, அத்தைக்கும் இருக்கிறது. மற்ற வேலையில் இருப்பவர் இன்சுலின் போட்டுக்கொண்டு அலுவலகம் போகலாம். பெரும்பாலான நாடுகளில் இன்சுலின் தொடங்கும் விமானி காக்பிட்டை விட்டு இறங்க வேண்டும். அதனால்தான் உரிம இழப்புக் காப்புறுதியை ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை. பரம்பரையில் என்ன இருக்கிறது என்று முன்பே தெரிந்தவர்கள் அதை விடக்கூடாது.

இன்னொன்றையும் பெண்களுக்காகச் சொல்கிறேன். அமீரகத்தில் கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டால், வாரிசு விவகாரம் நீதிமன்றத்தில் முடியும்வரை அந்தக் கணக்கு முடக்கப்படும். கணவன் பெயரில் இலட்சம் இருந்தாலும் அன்று மனைவி கையில் பால் வாங்கப் பணம் இருக்காது. என் பெயரில் தனிக் கணக்கு, அதில் ஆறு மாதச் செலவு என்று முதல் ஆண்டிலேயே வைத்தேன். அபசகுனமாகப் பேசாதே என்று அத்தை கோபித்துக்கொண்டார். பிறகு அவரே தன் மகள்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இலவச டிக்கெட்

“உங்களுக்கென்ன, டிக்கெட் சும்மா” என்பதும் அடிக்கடி கேட்பதுதான். ஆண்டுக்கு ஒரு முறை வரும் டிக்கெட் உறுதியானது. மற்றவை கழிவு விலை டிக்கெட், இருக்கை மிஞ்சினால்தான் ஏறலாம். தீபாவளி, பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு நேரத்தில் இருக்கை மிஞ்சாது. 2015 தீபாவளிக்கு இரண்டு நாளில் மூன்று விமானத்துக்குக் காத்திருந்துவிட்டு, பலகாரப் பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பினோம்.

2017இல் மாமா காலமானபோது என் கணவர் சாவ் பாவ்லோவில் இருந்தார். அங்கிருந்து துபாய்க்கு ஏறக்குறைய 15 மணி நேரம். அங்கிருந்து கோலாலம்பூருக்கு இன்னும் 7 மணி நேரம். நிறுவனம் உடனே மாற்று ஆள் அனுப்பியது, முழு விலை டிக்கெட்டை நானே வாங்கி வைத்தேன், அவசர நிதியில் பணமும் இருந்தது. இவ்வளவு செய்தும் நேரம் போதவில்லை. மறுநாள் மாலைக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியை இளைய மகன் வைத்தார். என் கணவர் வந்து சேர்ந்தபோது வாசலில் பந்தலும் நாற்காலிகளும்தான் இருந்தன. 16ஆம் நாள் கருமக்கிரியை முடியும்வரை இருந்துவிட்டுத் திரும்பினார். அந்தப் படிப்புக்கு வீட்டை வங்கியில் வைத்த மனிதர் அவர். அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல், அந்த மாதக் கணக்கில் டிக்கெட் விலையை மட்டும் எழுதினேன்.

பிள்ளைகளின் பாதை

பள்ளிக் கட்டண உதவிதான் வெளிநாட்டு ஒப்பந்தத்தில் பெற்றோரை மிகவும் ஈர்க்கும் சலுகை. அதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. எங்கள் பிள்ளைகள் பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் படித்தார்கள். அரபு மொழி கட்டாயம். தமிழ் வீட்டில். மலாய்மொழி எங்கும் இல்லை. பிள்ளை அந்தப் பாதையில் ஒவ்வோர் ஆண்டு மேலே போகும்போதும் நம் நாட்டு அரசாங்கப் பள்ளி ஒவ்வோர் ஆண்டு தூரமாகிறது. எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். பதினைந்து வயதில் மலாய் தெரியாமல் திரும்பினால் அனைத்துலகப் பள்ளிதான் வழி. அதன் கட்டணத்தை அப்போது எந்த நிறுவனமும் தராது.

2022இல் நாங்கள் இதைப் பற்றி மாதக்கணக்கில் பேசினோம். கணவருக்கு அப்போது 41 வயது, தலைமை விமானியாகிச் சில ஆண்டுதான் ஆகியிருந்தது. ஊருக்கு வந்தால் சம்பளம் பாதிக்கும் கீழே போகும். புது நிறுவனத்தில் சேர்ந்தால் பணி மூப்பு அடியிலிருந்து தொடங்கும். விமானிகளுக்குப் பதவி உயர்வு, விடுமுறை, வழித்தடம் எல்லாம் மூப்புப் பட்டியலை வைத்துத்தான். அவர் அங்கேயே இருப்பது, நானும் பிள்ளைகளும் திரும்புவது என்று முடிவானது. 2023 மார்ச்சில் பள்ளித் தவணை தொடங்கியபோது மகன் கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டிலும் மகள் மூன்றாம் ஆண்டிலும் சேர்ந்தார்கள்.

முதல் ஆறு மாதம் மகனுக்குக் கடினமாக இருந்தது. மலாய்க் கட்டுரையில் 20க்கு மேல் வாங்கவில்லை. ஆசிரியை பள்ளி முடிந்தபிறகும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார், அதற்கு ஒரு காசும் வாங்கவில்லை. இப்போது இரண்டாம் படிவத்தில் இருக்கிறான். மலாய் நண்பர்களோடு பந்து விளையாடப் போகிறான், வீட்டுக்கு வந்தால் அதே வேகத்தில் மலாயில் பேசுகிறான். மகள் திருக்குறள் ஒப்புவித்தலில் பரிசு வாங்கினாள்.

இதற்கு நாங்கள் கொடுக்கும் விலை, நாங்கள் இருவரும் பிரிந்திருப்பது. துபாய் நமக்கு நான்கு மணி நேரம் பின்னால். நான் பிள்ளைகளைத் தூங்க வைக்கும்போது அவர் மாலைத் தேநீர் குடிப்பார், இல்லையென்றால் எங்கோ வானத்தில் இருப்பார். கோலாலம்பூர் பயணம் பட்டியலில் கிடைத்தால் ஒரு நாள் வீட்டுக்கு வருவார். அதிலும் எட்டு மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும், மறுநாள் முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு போகிறவர். கதவைச் சாத்திவிட்டு, குழந்தைகளிடம் விரலை உதட்டில் வைத்துக் காட்டுவேன். அப்பா வந்திருக்கிறார் என்றால் வீடு அமைதியாக இருக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பழகிவிட்டது.

போக நினைக்கும் தம்பிகளுக்கு

எங்கள் தாமானில் ஒரு பையன் இருக்கிறான். உள்நாட்டில் நான்கு ஆண்டாகத் துணை விமானி. சென்ற மாதம் ஒரு வளைகுடா ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு அவன் அம்மாவோடு வந்தான். “அக்கா, போகலாமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்றான். ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது, கேள்வியாகச் சொல்கிறேன், பதில் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று நீயே பார், என்றேன்.

மொத்தத் தொகையில் அடிப்படை எவ்வளவு? பணிக்கொடை அதிலிருந்துதான் வரும். மாதம் குறைந்தது இத்தனை மணி நேரத்துக்குப் பணம் என்று உறுதி உண்டா, விமானம் நின்றால் நீயும் வெறுங்கையா? புது ரக விமானத்தில் பயிற்சி கொடுப்பதற்கு எத்தனை ஆண்டுப் பிணைப்பு, இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், அந்தத் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறையுமா? மருத்துவச் சான்றிதழ் நிறுத்தி வைக்கப்பட்டால் எத்தனை மாதம் சம்பளம் வரும்? வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள், ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டும் சாமான் அனுப்பும் செலவும் யாருடையது?

அவன் அம்மாவிடமும் ஒன்று சொன்னேன். “முதல் ரெண்டு வருஷம் தம்பிகிட்ட எதுவும் கேட்காதீங்கம்மா. பயிற்சிக் கடன் அடையட்டும், ஆறு மாசச் செலவு கையில சேரட்டும். அப்புறம் அவரே செய்வார்.” அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “வீட்டுக் கூரை மாத்தணும்னு இருந்தோம், பரவாயில்ல, ஒழுகுற இடத்துல வாளி வச்சுக்கலாம்” என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் போவான் என்று நினைக்கிறேன். போகட்டும். நாங்களும் போனதால்தான் மாமாவின் வீடு அவர் பெயரிலேயே நிற்கிறது. என்னிடம் கேட்டால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்குப் பதில், நாளைக்கே வேலை நின்றால் எத்தனை மாதம் தாங்குவாய் என்று அவனைக் கேட்க வேண்டும். அதற்கு அவன் சொல்லும் மாதங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போனால், அவன் உண்மையிலேயே நன்றாகச் சம்பாதிக்கிறான்.

எங்கள் வீட்டில் இப்போது அந்தப் பதில் முப்பது மாதம். மகன் எஸ்.பி.எம். எழுதும் 2028க்குள் அதை அறுபதாக்க வேண்டும். அதன் பிறகு அவர் எந்த நிறுவனத்தில் எவ்வளவு சம்பளத்துக்குப் பறந்தாலும், பறக்காமலே இருந்தாலும், பயமில்லாமல் முடிவு செய்யலாம். அடுத்த மாதம் அவருக்கு மருத்துவப் பரிசோதனை. இரவு உணவில் சோற்றை நிறுத்திவிட்டாராம், மிர்திஃப் பூங்காவில் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறாராம். தொலைபேசியில் கூப்பிட்டால் பிள்ளைகளின் பெயருக்கு முன்பு காலைச் சர்க்கரை அளவைத்தான் சொல்கிறார். நான் அதையும் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.